மாமியாரைத் தூக்காதீர்கள், எழ வையுங்கள்

கேள்வி: எனக்கு வயது 52. பினாங்கு ஆயர் ஈத்தாமில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். 78 வயது மாமியாருக்குப் போன வருடம் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் பலமிழந்துவிட்டன. பிடித்துக்கொண்டால் நிற்பார். இரவில் நான்கு முறை சிறுநீர் கழிக்க என்னை எழுப்புகிறார். கணவருக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. எனக்கு ஓயாத இடுப்பு வலி. ஃபார்மசியில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். என் ரத்தக் கொதிப்பு மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுகிறேன். போன வாரம் அளந்தபோது 158/96. சின்ன விஷயத்துக்கும் அத்தையிடம் கத்திவிட்டு அப்புறம் உட்கார்ந்து அழுகிறேன். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் அந்த வலி மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். டைக்லோஃபெனாக், ஐபுப்ரோஃபென், மெஃபெனமிக் ஆசிட் என்று இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். இவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி ரத்த அழுத்தத்தை ஏற்றும்; சிறுநீரகத்துக்கும் கெடுதல். வலி தாங்கவில்லை என்றால் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இரண்டு, ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளுக்கு எட்டுக்கு மேல் போகாமல் எடுக்கலாம். கல்லீரல் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம்.

அத்தைக்குக் காலை மாத்திரை கொடுக்கும் அதே நேரத்தில் உங்களுடையதையும் போடுங்கள். வேறு நிறத்தில் தனி டப்பா வைத்தால் இருவர் மாத்திரையும் கலந்துபோகாது. மறந்த நாளுக்கு ஈடாக மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது. மாத்திரை தவறியதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மறைத்தால், மருந்து போதவில்லை என்று நினைத்து அளவைக் கூட்டிவிடுவார்.

இடுப்பு வலிக்குக் காரணம் பெரும்பாலும் தூக்கும் விதம்தான். அத்தைக்கு ஒரு கால் நன்றாக இருக்கிறது, அதை வேலை செய்ய விடுங்கள். கட்டிலில் உட்கார்ந்தால் இரு பாதமும் தரையில் படியும் உயரம் வேண்டும். தரையில் மெத்தை போட்டிருந்தால் அதை முதலில் மாற்றுங்கள். சக்கர நாற்காலியை அவருடைய நல்ல பக்கமான இடப்பக்கம் சற்றுச் சாய்வாக, கட்டிலை ஒட்டி வைத்து, இரண்டு பிரேக்கையும் போட்டு, கால் பலகையை மடக்குங்கள். கட்டிலின் விளிம்புவரை அவரை நகர்ந்து வரச் சொல்லி, பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் குனியட்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். குனியாமல் எழுந்தால் முழுப் பாரமும் பிடிப்பவர் முதுகில்தான் இறங்கும். நீங்கள் எதிரே நின்று, உங்கள் முழங்காலால் அவருடைய வலது முழங்கால் மடங்காமல் அணைகொடுத்து, இடுப்பு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு, 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று எண்ணி எழ வையுங்கள். மருத்துவ உபகரணக் கடையில் 'டிரான்ஸ்ஃபர் பெல்ட்' என்று கேட்டால் கிடைக்கும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை எடுத்து வையுங்கள். வலது கையைப் பிடித்தோ அக்குளில் கை கொடுத்தோ இழுக்கவே கூடாது. தசை தளர்ந்த தோள் மூட்டு எளிதில் நழுவிவிடும். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ளவும் விடாதீர்கள். கட்டிலுக்குத் திரும்பும்போது நாற்காலியைச் சுற்றி வைத்து, கட்டில் அவருடைய இடப்பக்கம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் சரிந்தால் நிமிர்த்தப் பார்க்காமல், உங்கள் உடம்போடு அணைத்து மெல்லத் தரையில் உட்கார வையுங்கள். கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார கிளினிக்கில்) பிசியோதெரபிக்குக் கடிதம் கேட்டு, ஒருமுறை நேரில் செய்து பழகிவிடுங்கள்.

இரவுத் தூக்கத்துக்கு வருவோம். சிறுநீர் பிரியும் மாத்திரையை அத்தை சாயங்காலம் சாப்பிடுகிறாரா? அதைக் காலைக்கு மாற்றலாமா என்று அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். பகலில் காலில் இறங்கிய நீர், படுத்த பிறகு சிறுநீராக வெளியேறும். அதனால் பிற்பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்தி வையுங்கள். தே தாரிக், கோப்பி மாலையில் வேண்டாம். நாள் முழுதும் குடிக்கும் தண்ணீரைக் குறைக்காமல், பெரும்பகுதியை மாலை ஆறு மணிக்குள் கொடுத்துவிடுங்கள். கட்டிலோரம் கமோட் நாற்காலி இருந்தால் கழிப்பறைவரை நடத்த வேண்டியதில்லை. நான்கு முறை என்பது திடீரென்று ஆரம்பித்ததானால் சிறுநீர்த் தொற்றோ இனிப்பு நீரோ (சர்க்கரை நோய்) இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும்.

கணவருக்கு ஓய்வு நாள் வரும்போது அந்த இரவு முழுவதும் அவருடையது. ஆளுக்குப் பாதி என்று பிரித்தால் இருவருமே தூங்க மாட்டீர்கள். நீங்கள் வேறு அறையில் படுங்கள். மற்ற உறவினர்களிடம் 'கொஞ்சம் உதவி செய்யுங்கள்' என்றால் யாரும் வர மாட்டார்கள். 'மாதத்தின் முதல் சனி, ஞாயிறு இரண்டு இரவும் நீங்கள் இருங்கள்' என்று தேதி சொல்லிக் கேளுங்கள். பகலில் அத்தை கண்ணயரும்போது துணியைத் துவைக்கப் போகாமல் அரைமணி படுத்துக்கொள்ளுங்கள். பசியாறுவதையும் தள்ளிப் போடாதீர்கள். அத்தை மிச்சம் வைத்த கஞ்சி உங்களுக்குச் சாப்பாடு ஆகாது.

நீங்கள் கத்துவது தூக்கம் கெட்டவரின் எரிச்சலாக இருக்கலாம். ஆனால் இரண்டு வாரமாகப் பெரும்பாலான நாட்கள் மனம் சோர்ந்தோ எதிலும் பிடிப்பில்லாமலோ இருந்தால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. 15555 என்ற ஹீல் மனநல உதவி எண்ணில் பேசலாம். உயிரை விட்டுவிடலாம் என்றோ அத்தையை அடித்துவிடுவேன் என்றோ தோன்றினால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

இடுப்பு வலியோடு உங்களுக்குக் கால் மரத்தாலோ பலமிழந்தாலோ, தொடை இடுக்கில் உணர்ச்சி குறைந்தாலோ, சிறுநீர் அடைத்தாலோ கட்டுப்பாடின்றிப் போனாலோ அன்றே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். உங்கள் ரத்த அழுத்தம் 180/120ஐத் தாண்டி நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், கடும் தலைவலி, பேச்சுக் குழறல் எது வந்தாலும் 999 என்ற அவசர எண்ணை அழையுங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், ஏழு நாள் காலையும் மாலையும், ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்த பிறகு இரண்டு முறை அளந்து எழுதுங்கள். அத்தையை அடுத்த வாரம் கிளினிக்குக் கூட்டிப்போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு, கவுண்டரில் உங்கள் பெயருக்கும் ஒரு நம்பர் வாங்குங்கள்.