விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு: எந்தப் பருவத்தில் எந்தக் காற்று?

ஓடுபாதையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள் கேட்ட கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், விமானங்கள் வருடம் முழுக்கத்தான் பறக்கின்றன. குளிர்காலக் காலையில் மட்டும் ஏன் தொண்டை கரகரக்கிறது?

புகை கூடவில்லை, அது கலந்து பரவ வேண்டிய இடம் சுருங்கிவிடுகிறது. தெளிவான குளிர்கால இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்கிவிடும். மேலே இருப்பது அதைவிடச் சூடான காற்று என்பதால் பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடுகிறது. விமான எஞ்சின், சாலை வண்டி, குப்பை எரிப்பு எல்லாவற்றின் புகையும் அந்த மூடிக்குக் கீழேதான். வெயில் ஏறித் தரை சூடானால்தான் மூடி திறக்கும். அதனால் குளிர்காலத்தில் விடியற்காலை நடையை விட்டுவிட்டு மதியத்துக்கு மேல் போங்கள்.

எங்கள் வீட்டுக்கு மேலே விமானங்கள் இறங்குகின்றன. அக்கா வீடு மறுபக்கம், அங்கே மேலே ஏறுகின்றன. ஏறும்போதுதானே புகை அதிகம், அவர்களுக்குத்தானே பாதிப்பு?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் உங்கள் பக்கம்தான் கவனம் தேவை. விமானம் ஏறுவதும் இறங்குவதும் எதிர்காற்றில்தான். ஆக, உங்கள் தலைக்கு மேலே வந்து இறங்குகிறது என்றால் அந்த நேரத்தில் காற்று விமான நிலையத்திலிருந்து உங்கள் வீட்டை நோக்கி வீசுகிறது என்று அர்த்தம், ஓடுபாதையில் நின்றும் ஊர்ந்தும் விட்ட புகையெல்லாம் உங்களிடம்தான் வரும். பருவக்காற்று திசை மாறினால் இறங்கும் பக்கமும் மாறும், அப்போது அக்கா வீட்டின் முறை. காற்று அசையாத நாளில் மட்டும் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

இது எவ்வளவு தூரம் போகும் என்றும் சிலர் கேட்டிருந்தீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தைச் சுற்றி அளந்து 2014-இல் வெளியான ஆய்வில், காற்று போகும் திசையில் 8 முதல் 10 கிலோமீட்டர் வரை துகள்களின் எண்ணிக்கை வழக்கத்தைவிட 4, 5 மடங்கு இருந்தது. 16 கிலோமீட்டரிலும் 2 மடங்கு. வேலி ஓரத்து வீடுகளின் பிரச்சினை மட்டும் இல்லை இது.

வீட்டில் வாங்கி வைத்த சின்னக் கருவி பி.எம். 2.5 அளவை 12 என்று காட்டுகிறது. நிம்மதியாக இருக்கலாமா?

பி.எம். 2.5 என்பது ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவாகவும் உள்ள துகள்களின் எடை, மைக்ரோகிராமில். அந்த அளவில் 12 மோசமில்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்ன வரம்பு 24 மணி நேர சராசரிக்கு 15 மைக்ரோகிராம், ஆண்டு சராசரிக்கு 5. ஆனால் விமான எஞ்சின் விடுவதில் பெரும்பங்கு 0.1 மைக்ரோமீட்டருக்கும் சிறிய மீநுண் துகள்கள். எண்ணிக்கையில் ஏராளம், எடையோ கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வீட்டுக் கருவிகள் ஒளிச் சிதறலை வைத்து அளப்பவை, சுமார் 0.3 மைக்ரோமீட்டருக்குக் கீழே அவற்றுக்குக் கண் தெரியாது. அந்த 12 பொய் இல்லை, முழு உண்மையும் இல்லை. அப்புறம், பனிமூட்டக் காலையில் அதே கருவி நீர்த்துளியையும் தூசு என்று எண்ணிக் கூட்டிக் காட்டும்.

மொட்டை மாடியில் படியும் கறுப்புத் தூசு விமானப் புகைதானே?

பெரும்பாலும் இல்லை. எஞ்சின் துகள்கள் அப்படிப் படியாத அளவு சிறியவை. கையில் ஒட்டுவது டயர்த் தேய்மானம், டீசல் கரி, சாலைப் புழுதி, சில சமயம் பூஞ்சை. விமான நிலையத்துக்கு வந்துபோகும் வண்டிகளை இந்தக் கணக்கில் சேர்க்காமல் விடுவது பெரிய தவறு.

கோடையில் வானம் பளிச்சென்று இருக்கிறது, பையனுக்கு மட்டும் சாயங்காலம் இளைப்பு வருகிறதே அண்ணா?

முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். இளைப்புக்குக் காரணம் பல இருக்கலாம், ஓசோனும் அதில் ஒன்று. நைட்ரஜன் ஆக்சைடும் ஆவியாகும் கரிமப் பொருட்களும் கடும் வெயிலில் வினைபுரிந்து உண்டாவது அது, கண்ணுக்குத் தெரியாது. மதியம் தொடங்கி மாலைவரை உச்சத்தில் இருக்கும். குளிர்காலத்துக்குச் சொன்னதற்கு நேர்மாறாக, கோடையில் விளையாட்டைக் காலையிலேயே முடித்துவிடச் சொல்லுங்கள்.

விமான எரிபொருளில் ஈயம் இருக்கிறதா?

ஜெட் எரிபொருளில் சேர்ப்பதில்லை. பிஸ்டன் எஞ்சின் வைத்த சிறு விமானங்களின் பெட்ரோலில்தான் இன்னும் பல இடங்களில் ஈயம் இருக்கிறது. பக்கத்தில் பயிற்சி விமானங்கள் பறந்தால் விசாரியுங்கள்.

சுத்திகரிப்பான் வாங்கலாமா? மண்ணெண்ணெய் வாசனையும் போகுமா?

ஹெப்பா வடிகட்டி மீநுண் துகள்களையும் நன்றாகவே பிடிக்கும், முகத்தில் சரியாகப் பொருந்திய என்95 முகக்கவசமும் அப்படியே. வாசனை வாயு என்பதால் அதற்குக் கரி வடிகட்டி தனியாக வேண்டும். விமானம் இறங்கும் திசை உங்கள் பக்கம் இருக்கும் நேரத்தில் ஜன்னலை மூடுங்கள், திசை மாறியதும் திறந்துவிடுங்கள். காசில்லாமல் செய்யக்கூடியது இதுதான், நான் முதலில் சொல்வதும் இதைத்தான்.

குடியிருப்போர் சங்கமாக என்ன கேட்கலாம்?

வெறுமனே "காற்றைச் சுத்தம் செய்யுங்கள்" என்று மனு போட்டால் வெறும் பதில்தான் வரும். நிறுத்துமிடத்தில் நிற்கும் விமானங்கள் துணை எஞ்சினை ஓட்டாமல் விமான நிலையம் தரும் தரை மின்சாரத்தை எடுக்க வேண்டும், ஊர்ந்து செல்லும்போது முடிந்தவரை ஒரே எஞ்சினில் செல்ல வேண்டும், காற்று போகும் பக்கத்தில் துகள் எண்ணிக்கையை அளக்கும் நிலையம் வைத்து அளவுகளை மணிக்கு மணி வெளியிட வேண்டும். உலக சுகாதார நிறுவனமே ஒரு கன சென்டிமீட்டரில் 24 மணி நேர சராசரி 10,000 துகளைத் தாண்டினால் அதிகம் என்கிறது, அந்த எண்ணை மனுவில் அப்படியே எழுதுங்கள்.