டோக்கியோவில் எந்தப் பகுதியில் தங்கலாம்?

கேள்வி: மார்ச் இறுதியில் கணவர், பத்து வயது மகன், 68 வயதான மாமியார் ஆகியோருடன் முதன்முறையாக ஜப்பான் செல்கிறேன். நரிட்டா விமான நிலையத்தில் இறங்கி, டோக்கியோவில் ஐந்து இரவுகள் தங்கியபின் கியோட்டோ செல்வதாகத் திட்டம். தெரிந்தவர்கள் எல்லோரும் ஷிஞ்சுகுவில் தங்கச் சொல்கிறார்கள். கணவரோ, தம் நண்பர் குடியிருக்கும் நிஷிகசாயில் அறை வாடகை குறைவு என்கிறார். நாங்கள் சைவம், மாமியாருக்கு முழங்கால் வலி உண்டு.
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: டோக்கியோவில் பகுதியின் பெயரைப் பார்த்து விடுதியைத் தேர்ந்தெடுப்பதைவிட, ரயில் நிலையத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதே நல்லது. ஷிஞ்சுகு இளைஞர்களுக்கு ஏற்ற இடம்தான். ஆனால் உலகிலேயே அதிகப் பயணிகள் புழங்கும் அந்த நிலையத்துக்கு இருநூறுக்கும் மேற்பட்ட வாயில்கள் இருக்கின்றன. தவறான வாயிலில் வெளியேறினால், முழங்கால் வலியுள்ளவர் சுற்றி வரவேண்டிய தூரம் சிறியதல்ல. நிஷிகசாயில் இந்தியத் தகவல் தொழில்நுட்பக் குடும்பங்கள் பல வசிப்பதால் இட்லி, தோசைக்குக் குறைவிருக்காது. ஆயினும் அங்கிருந்து நகருக்கு வரும் தோசாய் ரயில் தடம் காலை நேர நெரிசலுக்குப் பெயர்போனது. நண்பரை ஒரு மாலை சென்று பார்த்துவிட்டு வாருங்கள், தங்க வேண்டாம்.

உங்கள் குடும்பத்துக்கு நான் உவேனோவைத்தான் பரிந்துரைப்பேன். நரிட்டாவிலிருந்து கெய்செய் ஸ்கைலைனர் ரயில் ஏறத்தாழ முக்கால் மணி நேரத்தில், வழியில் மாறவேண்டிய தேவையின்றி, அங்கே கொண்டுவந்து சேர்த்துவிடும். சென்சோஜி கோயில் இருக்கும் அசகுசா, கின்சா சுரங்க ரயில் தடத்தில் உவேனோவிலிருந்து மூன்றாவது நிறுத்தம். 1927-இல் ஜப்பானின் முதல் சுரங்க ரயில் ஓடியதே இந்தச் சிறு தூரத்தில்தான் என்பதை மகனிடம் சொல்லுங்கள். கியோட்டோவுக்கான ஷின்கன்சென் அதிவேக ரயில் புறப்படும் டோக்கியோ நிலையமும், யமனோத்தே வட்டத் தடத்தில் நான்கு நிறுத்தங்கள் தள்ளியே இருக்கிறது. உவேனோவுக்கு அடுத்த ஒகாச்சிமாச்சியில் இந்திய ரத்தின வணிகர்கள் நெடுங்காலமாகத் தொழில் செய்வதால், அங்கே இந்திய உணவகங்கள் கிடைக்கும். இது சிறிய வசதி அல்ல. காய்கறி மட்டுமே தெரியும் ஜப்பானியச் சூப்பில்கூட, உலர்மீனில் காய்ச்சிய தாஷி என்னும் சாறு பெரும்பாலும் கலந்திருக்கும்.

விடுதி விவரங்களில் ‘நிலையத்திலிருந்து ஐந்து நிமிடம்’ என்று படித்ததும் மகிழ்ந்துவிடாதீர்கள். ஜப்பானிய வீட்டு விளம்பரங்களில் 80 மீட்டரை ஒரு நிமிடமாகக் கணக்கிடுவது விதி. சிக்னலில் நிற்பதும் படியேறுவதும் அதில் சேராது. மாமியாரின் நடைக்கு அதை இரட்டிப்பாக்கிக்கொண்டு, மின்தூக்கி உள்ள வாயில் எந்தப் பக்கம் என்பதை வரைபடத்தில் பார்த்தபின் முன்பதிவு செய்யுங்கள்.

அறைகளின் அளவு உங்களைத் திடுக்கிட வைக்கலாம். வணிகப் பயணிகளுக்கான விடுதிகளில், இரண்டு பெட்டிகளைத் தரையில் திறந்து வைத்தால் நடக்க இடமிருக்காது. ‘செமி டபுள்’ என்பது ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் அகலக் கட்டில். அதில் இருவர் படுக்கலாம் என்பது விடுதிக்காரரின் நம்பிக்கை மட்டுமே. தனித்தனியே இரண்டு கட்டில்கள் உள்ள ‘ட்வின்’ அறைகள் இரண்டு எடுத்துவிடுங்கள். வாடகை பல இடங்களில் தலைக்கணக்கில் அமைவதால், மகனையும் சேர்த்தே எண்ணிக்கையைக் குறிப்பிடுங்கள். செர்ரி மலரும் பருவத்தில் உவேனோ பூங்காவில் கூட்டம் அலைமோதும், வாடகையும் ஏறும் என்பதால், விமானச் சீட்டு உறுதியான அன்றே அறையையும் பிடித்துவிடுவது நல்லது.

கேள்வி: ஒசாகாவில் நம்பாவா, உமேதாவா? – வாசகர், மதுரை

பதில்: கன்சாய் விமான நிலையத்திலிருந்து நேரே வந்து, தோத்தொன்போரி கேளிக்கைப் பகுதியின் இரவு வெளிச்சத்தில் உலவ விரும்பினால் நம்பா. கியோட்டோ, கோபே நகரங்களுக்குப் பகலில் போய்வர எண்ணினால் உமேதா. ஷின் ஒசாகா நிலையப் பகுதி, விடிகாலையில் ஷின்கன்சென் பிடிப்பவருக்கு மட்டும்.