தீட்சை எடுத்தவருக்கு யார் முன்னோர்?

கேள்வி: எங்களுக்குப் பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாத்தா தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்தவர். என் மனைவி மராத்தி பௌத்தக் குடும்பம். போன வருடம் நானும் பௌத்த தீட்சை எடுத்துக்கொண்டேன். "இனி நீங்களும் நாகவம்சம்தான்" என்கிறார் மாமனார். ஜனவரி 1 அன்று புணே பக்கத்திலுள்ள பீமா கோரேகாவ் போர் நினைவிடத்துக்கு என் மகனைக் கூட்டிப்போய், "நம் முன்னோர் இங்கேதான் போரிட்டார்கள்" என்று சொல்லியிருக்கிறார். ஊரில் அண்ணனோ, "அப்பாவுக்குத் திதி கொடுக்காதவன் பிள்ளையா?" என்று கேட்கிறார். நான் யாரை முன்னோர் என்று சொல்வது? பையனுக்குச் சாதிச் சான்றிதழ் வேறு வாங்க வேண்டும்.

பதில்: அப்பா விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் ஏற்கச் செய்த 22 உறுதிமொழிகளில் ஆறாவது, சிராத்தம் செய்யமாட்டேன், பிண்டம் வைக்கமாட்டேன் என்பது. நீங்களும் அதைச் சொல்லித்தான் தீட்சை எடுத்திருப்பீர்கள். அதனால் எள்ளும் தண்ணீரும் கிடையாது. அதற்காக அப்பாவை மறக்க வேண்டும் என்று எந்த உறுதிமொழியும் சொல்லவில்லை. திரிசரணம் (புத்தம், தம்மம், சங்கம் மூன்றிலும் சரணடைவது), பஞ்சசீலம் (ஐந்து ஒழுக்க உறுதிகள்) சொல்லி, பிக்குவுக்கோ இல்லாதவர்களுக்கோ சாப்பாடு போட்டு, அந்தப் புண்ணியத்தை இறந்தவருக்கு உரித்தாக்குவது பௌத்தத்தில் பழைய வழக்கம். மராத்தி பௌத்தக் குடும்பங்கள் 'புண்ணியானுமோதன்' என்று நடத்துவது இதைத்தான். உங்கள் மாமனாருக்குத் தெரியாமல் இருக்காது. அப்பா இறந்த நாளிலேயே வையுங்கள், அண்ணனையும் கூப்பிடுங்கள். அப்பாவுக்குப் பிடித்ததை வாழை இலையில் பரிமாறினால் உறுதிமொழி ஒன்றும் உடைந்துவிடாது.

அண்ணனைச் சமாதானப்படுத்த நான் கண்டுபிடித்த வழி அல்ல இது. பாலி பௌத்த நூலில் ஒரு கதை வருகிறது. சிகாலன் என்ற இளைஞன் காலையில் குளித்து, ஈரத் துணியோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அப்பா சாகும்போது சொல்லிவிட்டுப் போனார், செய்கிறேன் என்றான். அதை விட்டுவிடு என்று புத்தர் சொல்லவில்லை. கிழக்கு என்றால் பெற்றோர் என்று ஆரம்பித்து, ஒவ்வொரு திசைக்கும் ஓர் உறவைச் சொல்லி விளக்கினார். பிள்ளைகளுக்கு அவர் வகுத்த ஐந்து கடமைகளில் ஒன்று, பெற்றோர் இறந்தபின் அவர்களுக்காகத் தானம் செய்வது. இன்னொன்று குலவம்சத்தைக் காப்பது. கடலில் சேர்ந்த ஆறுகளைப் போலப் பெயரையும் கோத்திரத்தையும் விட்டுவிடுவது துறவிகளுக்குச் சொன்னது. நீங்கள் குடும்பஸ்தர்.

சரி, நாகவம்சம்? ஞானம் அடைந்தபின் கபிலவாஸ்துவில் பிட்சை எடுத்த மகன் புத்தரைப் பார்த்து, நம் வம்சத்தில் யாரும் இப்படிச் செய்ததில்லையே என்று சுத்தோதனர் வருந்தியதாகப் பாலி மரபுக் கதை சொல்கிறது. அது உங்கள் ராஜ வம்சம், என்னுடையது புத்தர்களின் வம்சம் என்றார் மகன். அந்த இரண்டாவது வம்சத்தில் சேர ரத்தம் தேவையில்லை. புத்தர், அசோகர், நாக்பூர் எல்லாம் மாமனாருக்கு எவ்வளவு சொந்தமோ உங்களுக்கும் அவ்வளவு சொந்தம். தயங்காமல் 'நம்' என்று சொல்லுங்கள். நாகர் என்ற பழங்கால மக்கள் பௌத்தத்தைப் பரப்பினார்கள் என்று அம்பேத்கர் சொன்னதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அது அவர் முன்வைத்த வரலாற்றுப் பார்வை. யாருடைய வீட்டு வம்சாவளியாகவும் அதை வாசிக்க வேண்டியதில்லை.

கோரேகாவ் வேறு விஷயம். 1818இல் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் பேஷ்வா படைக்கும் நடந்த அந்தச் சண்டையின் நினைவுத்தூணில், கம்பெனிப் படையில் இருந்த, மகாராஷ்டிரத்தின் ஒடுக்கப்பட்ட மகர் சமூக வீரர்களின் 'நாக்' என்று முடியும் பெயர்கள் இருக்கின்றன. அது ஒரு சமூகத்தின் நினைவு. உங்கள் மகனுக்குத் தாய்வழியாக அதில் பங்கு உண்டு. அவன் சொல்வதற்கு யாரும் அனுமதி தர வேண்டாம். நீங்கள் அந்த வீட்டு மருமகனாக மரியாதை செலுத்தினால் போதும். (அங்கே இருந்த பீரங்கிகள் மெட்ராஸ் பீரங்கிப் படையுடையவைதான். அதை வைத்துத் தமிழனுக்கும் பங்கு என்று கிளம்பிவிடாதீர்கள், அந்தப் பீரங்கிப் படையினரில் பெரும்பாலோர் ஐரோப்பியர்.) இதில் நான் கறாராக இருப்பதற்குக் காரணம், அந்தப் போர்வீரரைத் தாத்தா ஆக்கினால் தோல் பதனிட்ட தாத்தா பையனின் கதையிலிருந்து காணாமல் போய்விடுவார்.

அப்புறம், மாமனாரிடம் வெறுங்கையோடு நிற்க வேண்டியதில்லை. நாக்பூருக்கு 58 ஆண்டுகள் முன்னால், 1898இல், தமிழ்ச் சிந்தனையாளர் அயோத்திதாசர் பௌத்தம் ஏற்று சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். தமிழகத்து ஒடுக்கப்பட்டோர் ஆதியில் பௌத்தர்களே என்பது அவர் வாதம். இன்னும் பின்னால் போனால், நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்கு ராஜராஜ சோழன் ஆனைமங்கலம் கிராமத்தைக் கொடுத்திருக்கிறான். இதையெல்லாம் 'நம்' என்று சொல்ல மாமனாருக்கும் உரிமை உண்டு.

சான்றிதழில் மட்டும் இந்த 'நம்' செல்லாது. பட்டியல் சாதியினர் பௌத்தரானால் அந்தத் தகுதி போகாது. பட்டியல் சாதிகள் ஆணையில் 1990இல் வந்த திருத்தம் அதை உறுதிசெய்தது. ஆனால் திருமணமோ தீட்சையோ மனைவியின் சாதியை உங்களுக்குத் தராது. அந்த ஆணை வந்த 1950க்குப் பிறகு குடிபெயர்ந்த குடும்பம் என்றால் மகாராஷ்டிர இடஒதுக்கீடும் பொதுவாகக் கிடைக்காது. அதனால் தாத்தா எப்போது வந்தார் என்பதற்கு ஆவணம் தேடுங்கள். பையனுக்கு வழக்கமாகத் தகப்பன் வழிதான் பார்ப்பார்கள். அதுவே முடிந்த முடிவல்ல என்று உச்ச நீதிமன்றம் 2012இல் சொல்லியிருக்கிறது. தாய்வழியில் கேட்பதாக இருந்தால், அவன் அந்தச் சமூகத்துக்குள் வளர்வதற்கான சான்றுகளோடு வழக்கறிஞரைப் பார்த்துவிட்டு விண்ணப்பியுங்கள்.