அடைப்புக்குறிக்குள் ஒரு மச்சான்

கேள்வி: எனக்கு 44 வயது. மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிறேன். இருபது வருடம் இசைக்குழுவில் கிற்றார் வாசித்தவன். கலியாணவீடு, சேர்ச் பெருநாள், பாசிக்குடா ஹொட்டல் என்று ஓடித் திரிந்த காலம் அது. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு நிகழ்ச்சிகள் குறைந்தன, கொரோனாவோடு நின்றே போயின. என்னிடம் கிற்றார் சத்தத்தைப் பெருக்கும் ஃபெண்டர் ஹொட் ரொட் டீலக்ஸ் அம்ப் ஒன்று இருக்கிறது. 40 வாட், கண்ணாடிக் குழாய் வால்வில் ஓடும் அம்ப், 12 அங்குல ஸ்பீக்கர், பாரம் 20 கிலோ. மேடைக்கு அருமையான சாமான். வீட்டில் சத்தத்தை 2க்கு மேல் திருப்ப முடியவில்லை, மனைவி ஏசுகிறார். மகள் இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிறாள். முன் அறையில் பாதி இடத்தை அதுவே அடைத்துக்கொண்டு நிற்கிறது. மாமி அதன் மேல் ஒரு பழைய சேலையை மடித்துப் போட்டு, வெள்ளிக்கிழமைகளில் தூசு தட்டி வைப்பார். (2015இல் வாங்கும்போது பாதிக் காசு மச்சான் போட்டவர். அவர் பிரான்சுக்குப் போய்விட்டார், வதிவிடக் காட் கிடைக்காததால் இன்னும் வரவில்லை.) கல்முனையில் ஒரு தம்பி தன்னுடைய யமஹா டி.எச்.ஆர். 10 என்ற சின்ன அம்பையும் மேலே காசும் தருவதாகச் சொல்கிறார். மாற்றலாமா? மேலே எவ்வளவு கேட்கலாம்?
பெயர் வேண்டாம், கல்லடி

பதில்: தம்பி, உங்கள் கடிதம் முழுத்தாளில் மூன்று பக்கம் வந்தது. இடம் போதாமல் சுருக்கிப் போட்டிருக்கிறோம். அந்த அடைப்புக்குறியில் மட்டும் நான் கை வைக்கவில்லை. அது நீங்களே போட்டது. வாட்டுக்கு ஒரு பக்கம், வால்வுக்கு அரைப் பக்கம், மச்சானுக்கு ஒரு அடைப்புக்குறி. வாவியின் பாடும்மீனைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் மட்டக்களப்பிலிருந்து வந்த முதல் கடிதம் உங்களுடையதுதான். அதற்காக ஒரு நன்றி. இனி உங்களுக்கு ஏச்சுத்தான்.

"விற்கலாமா" என்று கேட்டு வரும் கடிதங்கள் எனக்குப் புதிதில்லை. அப்பாவின் சைக்கிள், அம்மாவின் தையல் மெசின், வளவு மூலையில் நிற்கும் லேண்ட்மாஸ்டர் உழவு மெசின் என்று எழுதுவார்கள். விலையைப் பற்றி நிறைய இருக்கும். அந்தச் சாமான் யாருடையது என்பது எங்கேயாவது ஒரு ஓரத்தில் கிடக்கும். உறுத்துவதால்தான் எழுதுகிறார்கள், ஆனால் அதைப் பற்றிக் கேள்வி மட்டும் கேட்கமாட்டார்கள். நீங்களும் கேட்கவில்லை.

சரி, முதலில் அம்ப் கதையை முடித்துவிடுவோம். அது லேசு. என் அண்ணா கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுத்தவர். ஈயம் உருகும் மணத்தோடு வளர்ந்தவள் நான், வாட்டைக் காட்டி என்னைப் பயப்படுத்த முடியாது.

2க்கு மேல் திருப்ப முடியவில்லை என்றால் அது உங்கள் வீட்டின் குற்றமில்லை. 1996இல் வந்த நாளிலிருந்து அந்த மொடலின் பேர்போன குணம் அது. 1இல் முணுமுணுக்கும், 2இல் கத்தும், நடுவில் ஒன்றும் இராது. வாட் குறைந்த வால்வு அம்புக்கு மாறினால் சரியாகும் என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்களே, அது தப்புக் கணக்கு. 40 வாட்டை 4 வாட்டாகக் குறைத்தாலும் காதுக்குச் சத்தம் ஏறக்குறையப் பாதியாகத்தான் குறையும். பத்தில் ஒன்றாகக் குறையாது. கிற்றார் ஸ்பீக்கர்கள் பலவற்றுக்கு ஒரு வாட் போதும், ஒரு மீட்டர் தள்ளி நின்றால் 100 டெசிபலுக்குக் கிட்ட வந்துவிடும். தொழிற்சாலையில் 8 மணிநேரம் நிற்கிறவருக்கே 85 டெசிபல்தான் எல்லை என்று வைத்திருக்கிறார்கள். உங்கள் மனைவி காரணத்தோடுதான் ஏசுகிறார்.

அம்பின் மேல்பக்கத்தில், திருகிகளோடு, சத்தத்தை மாற்றும் எஃபெக்ட் பெட்டி பூட்டுவதற்கு இரண்டு துளைகள் இருக்கும், ஒன்று வெளியே போக, மற்றது உள்ளே வர. அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன வொலியூம் பெட்டியைக் கொழுவினால் சத்தம் சொன்ன சொல் கேட்கும். ரேடியோ திருத்துகிற ஒருவரிடம் சொன்னால் ஒரு தகரப்பெட்டி, ஒரு திருகி, இரண்டு ஜெக் துளை, அரைநாள் வேலை. ஆனால் ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டுச் சத்தமில்லாமல் வாசிக்கலாம் என்று ஒருநாளும் நினைக்காதீர்கள். வால்வு அம்புக்கு ஸ்பீக்கர் பாரம் இல்லையென்றால் உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் எரிந்துபோகலாம்.

யமஹா நல்ல சாமான், அதில் பொய் சொல்லமாட்டேன். வீட்டுக்கென்றே செய்தது. 10 வாட், 8 சென்றிமீட்டர் ஸ்பீக்கர் இரண்டு, ஹெட்போன் துளை இருக்கிறது, கரண்ட் போனால் எட்டுச் சின்ன பற்றரியிலும் ஓடும். இனி ஒருநாளும் ட்ரம்ஸ்காரர் பக்கத்தில் நின்று வாசிக்கப்போவதில்லை என்று முடிவெடுத்தவருக்கு அது போதும். ட்ரம்ஸ் தொடங்கினால் அதன் சத்தம் கேட்காது.

இவ்வளவும் எந்த மியூசிக் கடைக்காரரும் சொல்வார். இதற்காக எனக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கத் தேவையில்லை.

இப்போது அந்தச் சேலைக்கு வருகிறேன். இடத்தை அடைக்கிறது என்கிற முறைப்பாட்டோடு சேர்த்து, ஏதோ மாமியின் விசர்ப்பழக்கம் மாதிரி அதை எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அம்பின் திருகிகள் எல்லாம் மேல்பக்கத்தில் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பவை. கல்லடியில் ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல். உப்புக்காற்று ஜன்னல் கம்பியைத் தின்கிற ஊரில் திருகிக்குள் தூசும் உப்பும் இறங்கினால், திருப்பும்போது கரகரவென்று கத்தும், மறுகா வேலையே செய்யாது. ஐந்தாறு வருடமாக மேடை இல்லை. இருபது வருடம் வாசித்த நீங்கள் அதற்கு ஒரு உறை தைக்கவில்லை. தைத்திருந்தால் மூன்று பக்கத்தில் ஒரு வரியாவது எழுதியிருப்பீர்கள். ஒரு ஸ்வரமும் வாசிக்கத் தெரியாத மாமி மூடி வைத்திருக்கிறார். கல்முனைத் தம்பி மேலே காசு தர வருகிறார் என்றால் அதில் பாதி அந்தச் சேலைக்குச் சேர வேண்டியது. (அம்பைப் போடுவதற்கு முன் சேலையை எடுத்துவிடுங்கள். வால்வு கொதிக்கும், துணி பற்றிக்கொள்ளவும் கூடும்.)

அவர் ஏன் மூடி வைக்கிறார் என்று யோசித்தீர்களா?

மட்டக்களப்பான் ஒருவருக்கு நான் இதைச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, மற்ற ஊர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். ஆண்பிள்ளைகள் பிறந்த வீட்டை விட்டு இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். அதில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. பெண் தெருவில் நிற்காத ஏற்பாடு அது, நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு விலை கொடுப்பது அந்த வீட்டு ஆண்பிள்ளை.

நீங்கள் ஒரு பெட்டியும் கிற்றாருமாக அந்த வீட்டுக்கு வந்தீர்கள். முன் அறை என்று எழுதுகிறீர்களே, உங்களுக்கு முன் அங்கே பாய் போட்டுப் படுத்தவர் யார்? மச்சானுக்குப் பிறந்த வீட்டில் இன்றைக்கு என்ன இருக்கிறது? வீடு அக்காவுக்கோ தங்கைக்கோ போய்விட்டது. கிணறும் தென்னையும் அதோடு போய்விட்டன. கலியாணம் முடித்து வேறு வீட்டுக்குப் போனாரா, முடிக்காமலே விமானம் ஏறினாரா என்று நீங்கள் எழுதவில்லை. பிரான்சில் என்ன வேலை செய்கிறார் என்றும் எழுதவில்லை. வால்வின் நம்பர் எழுதியிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை, அந்த வீட்டுக்குள் அவருடையது என்று சொல்ல மிஞ்சியிருப்பது அந்த அம்பில் ஒரு பாதி. வெள்ளிக்கிழமை மாமி துடைப்பது உங்களுடைய பாதியை இல்லை.

"மாமி ஒன்றும் சொல்லவில்லையே" என்பீர்கள். சொல்லமாட்டார். மருமகனிடம் வேண்டாம் என்று சொல்லும் பழக்கம் அந்தத் தலைமுறைக்கு இல்லை. கேட்டால் "உங்கட விருப்பம் மனே" என்பார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு கல்முனைக்கு ஓட்டோ பிடித்தீர்கள் என்றால், உங்களைப் போல ஒரு மடையன் இல்லை.

எனக்கு இவ்வளவு கோபம் வரக் காரணம் இருக்கிறது. அண்ணா தொழிலை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போயிருந்த நேரம், அவருடைய இரண்டு புனல் ஸ்பீக்கரையும் நான்தான் விற்றேன். மழைக்கு முன் வீட்டுக்கு ஓடு மாற்ற வேண்டியிருந்தது, காரணம் நல்ல காரணம்தான். அவர் வந்தார், வெறும் மூலையைப் பார்த்தார், தேத்தண்ணி குடித்தார், போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு எப்போது வந்தாலும் முற்றத்தில் நின்றே கதைத்துவிட்டுப் போய்விடுவார். உள்ளே வா என்றால் நேரமில்லை என்பார். அந்த ஓட்டுக்குக் கீழே ஒருநாளும் அவர் உட்காரவில்லை.

காசுக் கணக்கிலும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். "அவர் போட்ட பாதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் சரிதானே" என்று நினைப்பீர்கள். 2015இல் ஒரு டொலர் 130, 140 ரூபாய். 2022இல் அது 360ஐத் தாண்டியது, பிறகு இறங்கி 300ஐச் சுற்றி நிற்கிறது. அன்றைக்கு அவர் தந்த ரூபாயை எண்ணி அதே தொகையை இன்றைக்கு அனுப்பினால் பாதிக்கு மேல் நீங்கள் எடுத்துக்கொண்ட மாதிரி. அவருக்குச் சேர வேண்டியது இன்றைய விலையில் பாதி. யமஹாவுக்கும் ஒரு விலை போட்டு, மேலே வரும் காசோடு கூட்டி, அந்த மொத்தத்தில் பாதி.

ஆகவே அவருக்குப் போன் எடுங்கள். வட்ஸ்அப்பில் படத்தை அனுப்பி "விக்கவா?" என்று கேட்கிற வேலை வேண்டாம். பெருவிரல் படம் ஒன்று திரும்பி வரும், நீங்களும் முடிந்தது என்று எழும்பிவிடுவீர்கள். ஞாயிறு பின்னேரம் எடுங்கள். பிரான்சில் நேரம் நமக்கு மூன்றரை மணி பிந்தி, குளிர்காலம் என்றால் நாலரை மணி. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுச் சும்மா இருப்பார். மாமியைப் பக்கத்தில் இருத்திவையுங்கள். முதலில் சுகம் விசாரியுங்கள், காட் விஷயம் என்னவாயிற்று என்று கேளுங்கள். கடைசியாக எப்போது கேட்டீர்கள் என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பிறகு அம்பைப் பற்றிக் கேளுங்கள்.

விற்கச் சொன்னால் நிம்மதியாக விற்றுவிட்டு அவர் பாதியை அன்றைக்கே அனுப்புங்கள். அம்மாவிடம் கொடு என்று சொன்னால் மாமியின் கையில் கொடுங்கள், மனைவியின் கையில் இல்லை. கிடக்கட்டும் என்று சொன்னால் அது கிடக்க வேண்டும். இடத்தை அடைக்கிறது என்று இனி ஒருதரம் எனக்கு எழுதக் கூடாது. வொலியூம் பெட்டி செய்வித்துக்கொள்ளுங்கள், மாதத்துக்கு ஒருக்கா சேலையை எடுத்துவிட்டு அம்பை அரைமணிநேரம் போட்டு வையுங்கள், மழைக்காலத்தில் ஈரம் பிடிக்காது.

மகளின் சோதனை முடியும்வரை அம்பே வேண்டாம். எலெக்ட்ரிக் கிற்றாரை வயர் கொழுவாமல் வாசித்தால் அடுத்த அறைக்கும் கேட்காது. விரலுக்கு அதுவே போதும்.

கல்முனைத் தம்பியிடம் ஒரு கிழமை பொறுக்கச் சொல்லுங்கள், அவசரம் என்றால் வேறு இடம் பார்க்கட்டும். மேலே எவ்வளவு கேட்கலாம் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். மச்சானிடம் கேளுங்கள், அதில் பாதி அவர் சொல்ல வேண்டிய விலை.