வீட்டுச் சாமான்களுக்கு ரீசார்ஜபிள் பேட்டரி வாங்குவது லாபமா, கடையில் விற்கும் சாதாரண பேட்டரியே போதுமா?

உங்கள் வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்று நினைக்கிறேன். பொம்மைக் காருக்குப் பென்சில் பேட்டரி வாங்கிக் கொடுத்தே அலுத்துப்போனவர்களுக்குத்தான் இந்த யோசனை வரும். பொம்மைக்கு மட்டும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரீசார்ஜபிள் வாங்குங்கள். மோட்டார் ஓடுகிற எதுவும் மின்சாரத்தை மடக் மடக்கென்று குடிக்கும். பதினைந்து ரூபாய்க் கட்டை ஒரு சாயங்காலம்கூடத் தாங்காது.

நான் செய்த தப்பு, பொம்மையோடு நிறுத்தாததுதான். சார்ஜரும் எட்டுக் கட்டையும் வாங்கிய ஜோரில், இனி இந்த வீட்டுக்குள் கடை பேட்டரி வரக்கூடாது என்று சட்டம் போட்டேன். டிராயரில் பிரிக்காமல் கிடந்த ஆல்கலைன் (சார்ஜ் ஏற்ற முடியாத கடை பேட்டரியில் நல்ல ரகம்) பாக்கெட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். அப்பாவின் பிபி மெஷினில் நாலு ரீசார்ஜபிள் போட்டேன். கடிகாரங்களை மட்டும், இருப்பது தீரட்டும் என்று விட்டிருந்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ராத்திரி. இரண்டு மணி இருக்கும். அப்பா வந்து எழுப்பினார். "தலை ஒரு மாதிரி சுத்துதுப்பா." மெஷினை எடுத்துக் கையில் பட்டையைச் சுற்றி பட்டனை அமுக்கினால், பாதிக் காற்று ஏறியதும் பொசுக்கென்று அணைந்துவிட்டது. முந்தின நாள் காலையில் நன்றாக வேலை செய்த மெஷின்! டிராயரில் இருந்த மற்ற நாலு கட்டையைப் போட்டேன். திரையே வரவில்லை.

அப்புறம் நடந்ததுதான் கூத்து. ரிமோட்டைப் பிரித்தால் உள்ளே சின்ன சைஸ், ஆகாது. ஸ்டூல் போட்டு ஏறி ஹால் கடிகாரத்தில் ஒன்று, அடுக்களைக் கடிகாரத்தில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று, பையனின் அலாரம் டைம்பீஸில் ஒன்று என்று நாலு கட்டை பிடுங்கினேன். வேறு வேறு கம்பெனி, வேறு வேறு வயசு. அப்படிக் கலந்து போடக்கூடாது என்று எனக்கும் தெரியும், பின்னூட்டத்தில் பாடம் எடுக்க வேண்டாம். அந்த நேரத்துக்கு வேறு வழியில்லை. மெஷின் முக்கி முனகி 150/90 என்று காட்டியது. ராத்திரி சரியாகச் சாப்பிடாததுதான் காரணம் போல. ஒரு டம்ளர் பால் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டார்.

காலையில் எழுந்து பார்த்தால் வீட்டில் எல்லாக் கடிகாரமும் இரண்டே காலை ஒட்டி நிற்கிறது. அம்மாவுக்கு அதுதான் பெரிய விஷயம். "ஓடுற கடிகாரத்தை யாராவது நிறுத்துவாங்களாடா?"

ஏன் இப்படி ஆனது என்று பிறகுதான் படித்தேன். ஆல்கலைன் 1.5 வோல்ட்டில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். மெஷின் முன்கூட்டியே பேட்டரி படம் காட்டி எச்சரிக்கும். நாம் வாங்கும் ரீசார்ஜபிள், அதாவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு கட்டை, 1.2 வோல்ட்டை ஒட்டியே கடைசிவரை நின்று, திடீரென்று விழும். எச்சரிக்கைக்கும் அணைவதற்கும் நடுவே அவகாசம் இல்லை. டிராயரில் இருந்தவை செத்ததற்குக் காரணம் வேறு. பழைய ரகம் சும்மா கிடந்தாலே சார்ஜ் இறங்கிவிடும். லோ செல்ஃப் டிஸ்சார்ஜ் என்று போட்ட ரகம் ஒரு வருஷம் கழித்தும் பெரும்பகுதியை வைத்திருக்கும். 2005-ல் சான்யோ கொண்டுவந்த எனலூப் அந்த வகை. நான் வாங்கியதோ 4000 எம்ஏஎச் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கு) என்று கொட்டை எழுத்தில் போட்ட மலிவுச் சரக்கு. பென்சில் சைஸில் நிக்கல் கட்டைக்கு 2800-ஐ வெகுவாகத் தாண்டினால் எழுதியிருப்பது பொய். கையில் எடுத்தாலே தெரியும், தக்கை மாதிரி இருந்தது.

மறுநாள் அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனேன். டோக்கன் 6. காத்திருந்தது மூன்று மணி நேரம், உள்ளே இருந்தது இரண்டு நிமிஷம். அப்பா தினமும் காலையில் பிபி பார்த்து, தேதி போட்டு, ரூல் போட்ட நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். நாலு மாதக் கணக்கு. டாக்டர் அதைத் திறக்கவே இல்லை. வெளியே வந்து நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அவருக்கு நேரம் இல்லைப்பா" என்றார் அப்பா. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் அந்த முகம் மறக்க மாட்டேனென்கிறது.

சரி, இப்போது என் வீட்டு நிலவரம். பொம்மை, பையனின் கேம் கன்ட்ரோலர் இரண்டுக்கும் நல்ல ரீசார்ஜபிள். ஜோடி மாறாமல் இருக்க மார்க்கரில் எண் எழுதியிருக்கிறேன். கடிகாரத்துக்கும் ரிமோட்டுக்கும் சாதாரணக் கட்டை; அவை துளித்துளியாகத்தான் எடுக்கும், ரீசார்ஜபிள் போட்டால் போட்ட காசு திரும்பவே பல வருஷம் ஆகும். ஓடுகிறதே என்று அதிலேயே விட்டுவிடாதீர்கள், கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். பிபி மெஷினுக்கு ஆல்கலைன், பக்கத்திலேயே பிரிக்காத பாக்கெட் ஒன்று. குப்பை சேருகிறதே என்று கேட்பவர்கள் சொல்வது நியாயம்தான். ஆனால் அந்த மெஷினுக்கு வருஷத்துக்கு எட்டுக் கட்டைகூட ஆவதில்லை.

அடுக்களைக் கடிகாரத்தை மட்டும் அம்மா இப்போது என்னைத் தொட விடுவதில்லை. அன்றைக்கு அவர் திருப்பி வைத்தபடி பத்து நிமிஷம் முன்னாலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.