அப்பாவின் நடை மூன்றே மாதத்தில் தளர்ந்தது ஏன்?

கேள்வி: என் அப்பாவுக்கு 64 வயது. ஆறு வருடமாகப் பார்க்கின்சன் நோய். ‘110’ என்று அட்டையில் போட்ட மாத்திரையை காலை 8, மதியம் 2, இரவு 8 மணிக்கு, சாப்பிட்ட கையோடு பாலில் கொடுக்கிறோம். குமட்டல் இருந்ததால் பக்கத்து கிளினிக்கில் வாயுக்கு ஒரு காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார்கள். அதையும் மூன்று மாதமாகத் தினமும் போடுகிறார். இந்த மூன்று மாதத்தில்தான் நடை மிகவும் மோசமாகிவிட்டது. முன்பு ஒரு மாத்திரை ஐந்து மணி நேரம் தாங்கும். இப்போது மூன்று மணி நேரம்கூட இல்லை. வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது. பூனைக்காலி விதைப் பொடி கொடுக்கலாமா? ஸ்டெம் செல் ஊசி போட்டால் மூளை செல்கள் திரும்ப வளரும் என்று ஒரு மையத்தில் சொல்கிறார்கள். சில லட்சம் ஆகுமாம். செய்யலாமா?

பதில்: ஸ்டெம் செல் இருக்கட்டும். முதலில் அந்த வாயு காப்ஸ்யூல் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பான்டோபிரசோல் அல்லது ரேபிபிரசோல் என்று பெரிதாக இருக்கும் பெயருக்குக் கீழே, ‘லெவோசல்பிரைடு 75 மி.கி.’ என்று சின்ன எழுத்தில் இருக்கிறதா? இருந்தால், மூன்று மாதத் தளர்ச்சிக்குக் காரணம் பெரும்பாலும் அதுதான்.

பார்க்கின்சன் நோயில், உடம்பின் அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நடுமூளைச் செல்கள் அழிகின்றன. அப்பா போடும் ‘110’ மாத்திரையில் இருக்கும் லெவோடோபா மூளைக்குள் போய் டோபமைனாக மாறி அந்தக் குறையை நிரப்புகிறது. லெவோசல்பிரைடோ, டோபமைன் வந்து உட்கார வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. பெயர்கள் கூடப்பிறந்தவை போல இருந்தாலும் வேலை நேர் எதிர். நோயே இல்லாதவருக்கும் இந்த மருந்து கை நடுக்கத்தையும் இறுக்கத்தையும் வரவைக்கும். வாந்திக்குத் தரும் மெட்டோகுளோபிரமைடு, புரோகுளோர்பெரசின், தலைச்சுற்றலுக்குத் தரும் சின்னரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃபுளுனரிசின் ஆகியவையும் இதே வேலையைச் செய்யும். இந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதி அப்பாவின் மருந்துப் பெட்டியில் ஒட்டிவையுங்கள். காப்ஸ்யூலை எழுதிய டாக்டரிடம் இன்றே பேசி நிறுத்துங்கள். உடம்பிலிருந்து மருந்து சீக்கிரம் வெளியேறிவிடும். ஆனால் நடை பழைய நிலைக்கு வரச் சில வாரங்கள் ஆகும், சிலருக்குச் சில மாதங்களும் ஆகும். அதுவரை நோய் முற்றிவிட்டது என்று யாரும் முடிவுகட்ட வேண்டாம்.

சரி, அந்தக் குமட்டல் எங்கிருந்து வந்தது? ‘110’ என்றால் லெவோடோபா 100 மி.கி., கார்பிடோபா 10 மி.கி. லெவோடோபா மூளைக்குப் போகும் முன்பே வழியில் டோபமைனாக மாறிவிட்டால் குமட்டலும் வாந்தியும் வரும். அதைத் தடுக்கத்தான் கார்பிடோபா. அது சரியாக வேலை செய்ய ஒரு நாளைக்கு 70 முதல் 100 மி.கி. வேண்டும். அப்பாவுக்குப் போவது மூன்று வேளையும் சேர்த்து 30 மி.கி. மட்டுமே. ‘125’ என்ற அட்டையில் அதே 100 மி.கி. லெவோடோபாவோடு 25 மி.கி. கார்பிடோபா இருக்கிறது. மூன்று வேளைக்கு 75 ஆகிவிடும். இந்த மாற்றத்தை உங்கள் நரம்பியல் மருத்துவரிடம் கேளுங்கள். பலருக்குக் குமட்டல் இதிலேயே அடங்கிவிடும். அப்படியும் நிற்காவிட்டால் டோம்பெரிடோன் என்ற குமட்டல் மருந்தைத் தரலாம். அது மூளைக்குள் அவ்வளவாகப் போகாது. ஆனால் இந்த வயதில் ஒரு ஈ.சி.ஜி. பார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

அடுத்தது பால். வயிற்றில் கரைந்தால் மட்டும் போதாது. லெவோடோபா உறிஞ்சப்படுவது சிறுகுடலின் மேல்பகுதியில். அங்கே குடல் சுவரைக் கடக்க அது ஏறும் அதே வண்டியில்தான் பாலிலும் பருப்பிலும் முட்டையிலும் இருக்கும் புரதத் துணுக்குகளும் ஏறுகின்றன. மூளையின் வாசலிலும் இதே நெரிசல்தான். சாப்பிட்ட கையோடு பாலில் கொடுத்தால் மாத்திரை கூட்டத்தில் சிக்கிக்கொள்ளும். எழுந்ததும் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் தண்ணீரோடு கொடுத்து, அரை மணி கழித்து காபியும் இட்லியும் தாருங்கள். மற்ற வேளைகளில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, தவறினால் சாப்பிட்டு ஒன்றரை மணி கழித்து. வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு ரஸ்க் அல்லது பாதி வாழைப்பழம் சேர்க்கலாம், பால் வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை போடுகிறார் என்றால் இரண்டுக்கும் இடையே இரண்டு மணி நேரம் விடுங்கள். புரதத்தை அடியோடு நிறுத்திவிடாதீர்கள், தசை கரைந்துவிடும். பகலில் குறைத்து, பருப்பையும் முட்டையையும் இரவுச் சாப்பாட்டுக்குத் தள்ளினால் போதும். மலச்சிக்கல் இருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். குடல் மந்தமாக இருந்தால் மாத்திரை வேலை செய்யத் தொடங்குவதும் தாமதமாகும்.

லெவோடோபா இரத்தத்தில் ஒன்று, ஒன்றரை மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து. நோயின் ஆரம்ப வருடங்களில் மிச்சமிருக்கும் செல்கள் அதைச் சேமித்துவைத்து மெதுவாக விடுகின்றன. செல்கள் குறையக் குறைய அந்தச் சேமிப்பும் போய்விடும். ஆறு மணி நேர இடைவெளி இனி அப்பாவுக்குப் பெரும்பாலும் போதாது. ஆனால் எத்தனை வேளை, எவ்வளவு என்று டாக்டர் முடிவு செய்ய ஒரு கணக்கு வேண்டும். அடுத்த சந்திப்புக்கு முன் மூன்று நாள், அரை மணிக்கு ஒரு முறை, ஒரு நோட்டில் ஒரே எழுத்து எழுதுங்கள்: நன்றாக நடந்தால் ‘ந’, இறுக்கமாக இருந்தால் ‘இ’, கை கால் தன்னிச்சையாக நெளிந்தால் ‘நெ’. உதாரணமாக: 7.00 மாத்திரை, 7.00 இ, 7.30 இ, 8.00 ந, 8.15 சாப்பாடு, 10.00 ந, 10.30 இ. கூடவே ‘ந’ நேரத்தில் ஒன்றும் ‘இ’ நேரத்தில் ஒன்றும், நாற்காலியிலிருந்து எழுந்து நடந்து திரும்பிவருவதை போனில் வீடியோ எடுங்கள். ஆலோசனை அறையில் பத்து நிமிடத்தில் தெரியாதது இந்த நோட்டிலும் வீடியோவிலும் தெரிந்துவிடும். இதைப் பார்த்து டாக்டர் வேளைகளை நான்கு, ஐந்தாகப் பிரிக்கலாம், லெவோடோபாவை அதிக நேரம் தாங்கவைக்கும் என்டகபோன் சேர்க்கலாம். அதைப் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், பயப்பட வேண்டாம். டோபமைன் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல் தந்தால் மட்டும், திடீரென்று சூதாட்டத்திலோ கண்மூடிச் செலவு செய்வதிலோ இறங்குகிறாரா என்று கவனித்து உடனே சொல்லுங்கள். அது மருந்தின் பக்கவிளைவு.

வாசற்படியில் கால் ஒட்டிக்கொள்ளும்போது கையைப் பிடித்து இழுக்காதீர்கள், விழுந்துவிடுவார். தரையில் ஓரடி இடைவெளியில் நிறப் பட்டை நாடாவை நான்கைந்து கோடாக ஒட்டி, கோட்டைத் தாண்டிக் கால்வைக்கச் சொல்லுங்கள். நடையைத் தானாக ஓட்டும் பாதை தடுமாறும்போது, கண்ணால் பார்த்து நடக்கும் வேறு பாதையை மூளை பிடித்துக்கொள்கிறது.

பூனைக்காலி பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். அந்த விதையில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது, ஏறக்குறைய 4 முதல் 6 சதவீதம். 2004இல் லண்டனில் 8 நோயாளிகளிடம் செய்த ஆய்வில், 30 கிராம் பொடி வழக்கமான மாத்திரையைவிட வேகமாக வேலை செய்தது. ஆனால் 2018இல் வெளியான, 14 பேர் கலந்துகொண்ட நீண்ட ஆய்வில் பாதிப் பேர் இடையிலேயே நிறுத்தினார்கள், சிலர் வயிற்றுக் கோளாறால், சிலர் நடை மோசமானதால். அப்பாவுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. 5 கிராம் பொடியில் 200 முதல் 300 மி.கி. லெவோடோபா இருக்கலாம். உடம்பில் ஏற்கெனவே மாத்திரையின் கார்பிடோபா இருப்பதால் அதில் கணிசமான பங்கு மூளைக்குப் போய்ச்சேரும். அது இரண்டு, மூன்று மாத்திரையைக் கூடுதலாகப் போட்டதற்குச் சமம். கை கால் நெளிவு, எழுந்தால் தலைச்சுற்றல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். கடைக்குக் கடை பொடியின் அளவும் மாறும். மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்காதீர்கள்.

ஸ்டெம் செல் ஆராய்ச்சி பொய்யல்ல. 2025 ஏப்ரலில் ‘நேச்சர்’ இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 7 பேருக்கும், அமெரிக்காவிலும் கனடாவிலும் சேர்த்து 12 பேருக்கும், ஆய்வகத்தில் வளர்த்த டோபமைன் செல்களை மூளைக்குள் வைத்தார்கள். இரண்டிலும் முதல் நோக்கம் பாதுகாப்பைப் பார்ப்பதுதான். கட்டி எதுவும் வளரவில்லை. கியோட்டோவில் பலன் அளக்கப்பட்ட 6 பேரில் 4 பேருக்கு, மாத்திரை வேலை செய்யாத நேரத்து அசைவு மேம்பட்டது. மனதுக்குத் தெம்பு தரும் செய்திதான். ஆனால் அங்கே மண்டையோட்டில் துளையிட்டு, குறிப்பிட்ட இடத்தில் செல்களை வைத்து, பல மாதம் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தும் கொடுத்தார்கள். கை நரம்பிலோ முதுகுத் தண்டிலோ போடும் ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, பார்க்கின்சனுக்கு ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு கேட்கக் கூடாது. அந்த மையத்திடம் இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். தர மறுத்தாலும், ‘ஆய்வுதான், ஆனால் கட்டணம் உண்டு’ என்றாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தப் பணத்தைச் செலவிட வேறு வழி இருக்கிறது. மாத்திரை நேரத்தை ஒழுங்குபடுத்திய பிறகும் தினம் சில மணி நேரம் இறுக்கத்திலேயே போனால், மூளைக்குள் மின்முனை வைக்கும் டி.பி.எஸ். சிகிச்சைக்கு மதிப்பீடு கேளுங்கள். ஆறு வருட நோய், மாத்திரைக்கு நல்ல பலன் என்று இரண்டும் அவருக்குச் சாதகம். நினைவாற்றலையும் சோதிப்பார்கள். நடுக்கத்தைத் தவிர, மாத்திரையில் சரியாகாத எதுவும் டி.பி.எஸ்ஸிலும் பெரும்பாலும் சரியாகாது. பேச்சுக் குழறலும் அடிக்கடி விழுவதும் அந்த வகை.

இன்னொன்று. நேரத்தை மாற்றலாம், ஆனால் லெவோடோபாவை ஒருபோதும் திடீரென்று நிறுத்தாதீர்கள். கடும் காய்ச்சல், கட்டைபோல் விறைப்பு, குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். வேறு எதற்காவது மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தால், அப்பாவின் மாத்திரை நேரங்களைச் சேர்க்கும்போதே நர்ஸிடம் எழுதிக் கொடுங்கள். வாய்வழி எதுவும் கூடாது என்றாலும், மூக்குக் குழாய் வழியாகத் தர முடியுமா என்று கேளுங்கள்.