லிப்ரே ஆபிஸில் பழைய வேர்டு கோப்புகள் ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால்

கோப்பு கெட்டுப்போகவில்லை, லிப்ரே ஆபிஸ் மீதும் தப்பில்லை. நீங்கள் விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாறியபோது பழைய எழுத்துரு கூடவே வரவில்லை, அவ்வளவுதான்.

எம்எஸ் வேர்டில் அடித்த கடிதங்கள் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத் தெரிகின்றன என்கிறீர்கள். அவை பெரும்பாலும் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தவையாக இருக்கும். அதில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி (;) விசைதான், அதனால் எழுத்துரு இல்லாத கணினியில் சொல்லுக்கு நடுவே அரைப்புள்ளியாக வந்து நிற்கும். உங்கள் கோப்பிலும் அப்படித்தானா பாருங்கள்.

1. அந்த வரியில் கர்சரை வையுங்கள். மேலே எழுத்துருப் பெயர் சாய்வாகத் தெரிந்தால் அது உங்கள் கணினியில் இல்லை என்று அர்த்தம்.

2. பழைய விண்டோஸ் கணினியின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து அதே பெயருள்ள கோப்பை எடுத்து வந்து நிறுவுங்கள். அப்புறம் லிப்ரே ஆபிஸை முழுதாக மூடித் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

இது தற்காலிக வழிதான். தேடவும் மின்னஞ்சலில் ஒட்டவும் வேண்டுமென்றால் எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும், ஓப்பன் தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நிரல்மொழித் தொகுப்பு அதைச் செய்யும்.

ஒன்று மட்டும் கவனம்: கடிதத்தில் ஆங்கிலப் பெயர், முகவரி, மின்னஞ்சல் கலந்திருந்தால் மொத்தமாக மாற்றாதீர்கள், அவையும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியே எடுத்து மாற்றுங்கள், மூலக் கோப்பை அழிக்கவே வேண்டாம்.